வாட்டர் கூலருக்கு முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு

அன்புத் தோழிக்கு,

இன்று காலை நம் பிரிவுக்குப் புது ஜெராக்ஸ் மெஷின் வந்தது. மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்குக் கப்பலில் வந்த பெட்டியைப் பிரித்ததும் அறை முழுக்கப் புது பிளாஸ்டிக் வாசனை. எல்லாரும் முன்பக்கம் நின்று பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பின்பக்கம் போய்க் குனிந்தேன். மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஒரு மின்னல். உள்ளே மின்சாரம் இருக்கிறது, மூடியைக் கழற்றாதே என்று அர்த்தம். "இந்த மேடத்துக்கும் ஒட்டிக்கிச்சு" என்று யாரோ சிரித்தார்கள். ஒட்டிக்கொண்டதுதான். யாரிடமிருந்து என்று அவர்களுக்கும் தெரியும்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பெரார்கஞ்சிலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ ஏர்போர்ட்டை ஒட்டிய பத்துபஸ்திக்காரி, தலைக்கு மேல் விமானம் இறங்கினாலும் நிமிர்ந்து பார்க்காதவள். உன் கண்ணெல்லாம் பொருள்களின் அடிப்பக்கத்தில்தான். படா பாபு என்று எல்லாரும் கூப்பிடும் ஹெட் கிளார்க்கின் மேசை விளக்கைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டாய்.

"ஏட்டி, கட்டத்துக்குள்ள கட்டம் போட்ருக்கான். என்னத்துக்கு?" என்று ஒருநாள் போன் சார்ஜரை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "கூட்டுக் குடும்பமா இருக்கும்" என்றேன். நீ விடவில்லை. எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு, உள்ளே இரட்டைக் காப்பு இருப்பதால் இதற்கு எர்த் தேவையில்லை, அதனால்தான் இரண்டே பின், அயர்ன்பாக்ஸுக்கு மூன்று பின் என்று வந்து சொன்னபோது லாட்டரி விழுந்தவள் மாதிரி இருந்தாய். எர்த்துக்கும் ஒரு படம் உண்டு என்று காட்டினாய். ஒரு நிமிர்ந்த கோடு, அதன் அடியில் மூன்று படுக்கைக் கோடுகள், கீழே போகப்போகக் குட்டையாக. "மண்ணுக்குள்ள போய்க் கரையுறதைப் படமா வரைஞ்சிருக்கான் பாரு" என்றாய். அதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும் என்றும் சொன்னாய்.

அந்த நாட்களில் நம் ஆஃபீஸ் வாட்டர் கூலருக்கு முன்னால் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடக்கும். கூலரைத் தொட்டால் சுரீரென்று அடிக்கும். ஆகவே, வீட்டிலிருந்து என்ன போட்டுக்கொண்டு வந்திருந்தாலும், தண்ணீர் பிடிக்க அந்த நீலச் செருப்புக்குள் காலை விட வேண்டும். புதிதாகச் சேருபவர்களுக்கு வருகைப் பதிவேடு எங்கே, பாத்ரூம் சாவி எங்கே என்று காட்டுகிற கையோடு செருப்பையும் காட்டுவார்கள். அதிகாரிகூட மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொள்வார். எனக்கும் அதில் ஒன்றும் விசேஷமாகப் படவில்லை.

உனக்குத்தான் பட்டது. "செருப்பு போட்டா நமக்கு அடிக்கல, சரி. கரண்ட் எங்கட்டி போச்சு? அங்கனதான நிக்கு?"

அதையே படா பாபுவிடம் கேட்டாய். "சலேகா மேடம், சலேகா" என்றார். ஓடும், பரவாயில்லை என்று அர்த்தம். நம் தீவில் சலேகா என்று சொல்லிவிட்டால் எந்தக் கேள்வியும் அதோடு முடிந்துவிடும்.

தீதி என்று நாம் கூப்பிடும் துப்புரவுக்கார அக்கா கூலரைத் துடைப்பதைப் பார்க்கிறவரை உன் கேள்வியும் விளையாட்டாகத்தான் இருந்தது. பெங்காலிக்காரர், எங்கள் ஊரிலிருந்து என்னோடு பஸ்ஸில் வருபவர். ஆஃபீஸுக்குள் செருப்பு போடுவது மரியாதையில்லை என்று வாசலிலேயே கழற்றிவிடுவார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரத் துணியால் கூலரையும் துடைப்பார். ஒருநாள் நீ அதைப் பார்த்துவிட்டாய். தீதி, கரண்ட் ஜட்கா அடிக்காதா என்று பதறிப்போய்க் கேட்டாய். அவர் சிரித்தார். "தோடா தோடா. ஆதத் ஹோ கயா."

கொஞ்சம் கொஞ்சம் அடிக்கும், பழகிப்போச்சு. அதைக் கேட்டதும் நீ நேராகக் கூலரிடம் போனாய்.

கூலர் சுவிட்சை அணைத்தாய். ஒரு தாளில் முக்கோணம் வரைந்து, உள்ளே மின்னல் போட்டு, 'தொடாதே' என்று இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டினாய். உன் மின்னல் கொக்கு மாதிரி இருந்தது. ஏப்ரல் மாத வெயில், குழாயில் தண்ணீர் வராத நாள். மதியத்துக்குள் ஆஃபீஸே கொந்தளித்தது. படா பாபு எழுந்துபோய் சுவிட்சில் கை வைத்தார். நீ குறுக்கே நின்றாய். உனக்குக் கோபம் வந்தால் இந்தியும் தமிழும் கலந்து கொட்டும். "தீதிக்கு ஏதாச்சும் ஆனா, அதுவும் சலேகா கியா, பாபு?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். மறுநாள் நீ வீட்டிலிருந்து ஒரு மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாய்.

எலக்ட்ரீஷியன் வந்ததும் அவர் பின்னாலேயே போனாய், உன் பின்னால் நான். சுவர் வழியாக வந்த எர்த் கம்பி கொல்லைப்புறத்தில் ஒரு சிமெண்ட் குழிக்குள் இறங்கியது. மூன்று கோட்டுப் படம் போட்ட மூடியைத் திறந்தால் உள்ளே மண் பொரிமாவு மாதிரி காய்ந்து கிடந்தது. இரும்புப் பட்டை உப்புக்காற்றில் துருப்பிடித்து, பாதியிலேயே அற்றுப்போயிருந்தது. "இங்கே எர்த்தே இல்லையே மேடம். படம் மட்டும்தான் இருக்கு" என்றார் அவர். புதுப் பட்டை போட்டு, கரண்ட் கசிந்தால் தானாக விழும் பிரேக்கர் ஒன்றையும் மாட்டினார். பழுதுபார்க்காத கூலரைச் சோதனைக்காகப் போட்டதும் பிரேக்கர் டப்பென்று விழுந்தது. நீ கை தட்டினாய். "இப்பதான்ட்டி அதுக்குப் போக வழி கெடைச்சிருக்கு!"

வெயில்காலத்தில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். குடிக்கவே தட்டுப்பாடான ஊரில் நீ டீ கிளாஸ் கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்துத் தினமும் ஊற்றினாய். "மாதா கோயில்காரி துளசிக்குத் தண்ணி ஊத்துறா" என்று நான் கிண்டல் செய்தால், "மூணு கோடு போட்ட துளசிட்டி" என்பாய்.

பிறகு உன் நெஞ்சு உன்னைச் சென்னைக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, மெஷினில் இருந்த ஒரு படத்தை எனக்கு அனுப்பினாய். கட்டத்துக்குள் ஓர் இதயம். என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னாய். தேடிப்பிடித்து போனில் சொன்னேன்: இதயத்தையே தொடுகிற கம்பிகள் உள்ள மெஷின், துளிக் கரண்டும் கசிந்துவிடாமல் எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகச் செய்தது. நீ இருமிக்கொண்டே சிரித்தாய். "அப்போ இங்க செருப்பு வேண்டாம்." நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. உன் மீது எனக்குக் கோபம்கூட உண்டு. இத்தனை கேள்வியையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே.

போன ஞாயிற்றுக்கிழமை தீதி என் வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டு ஃபிரிஜ்ஜைத் தொட்டால் லேசாக அடிக்கிறதாம். மருமகன் ஒன்றும் ஆகாது என்றாராம். தீதி அதைக் கேட்காமல் மெயினை அணைத்து, உள்ளே இருந்த மீனை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்திருக்கிறார். அந்த வீட்டில் பேத்தி இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள்.

எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வேலை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, இந்தக் கம்பி எங்கே போகிறது, அது எங்கே போகிறது என்று நச்சரித்தேன். கடைசியில் அவர் பொறுக்கமாட்டாமல், "மேடம், இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன். நீ போன பிறகு அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.