அப்பெண்டிக்ஸ் என்று சொன்ன தழும்பு

பெருங்காய டப்பாவைத் தேடி அலமாரியைத் திறந்தேன். அதன் பின்னால் உன் பி12 ஊசி மருந்துக் குப்பி ஒன்று, பீட்ரூட் சாறு நிறத்தில், அப்படியே இருக்கிறது. காலாவதி ஆகிவிட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

உனக்கு ஊசி தொடங்கிய அந்த வருடம், இங்கே பிளானோ நகரில் இந்தியன் ஸ்டோருக்கு அரிசி வாங்கப் போனோம். உன் ஒற்றைச் செருப்பு பாதியில் கழன்று கிடந்தது. நீ பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாய். "கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னே தெரியலங்க" என்று சிரித்தாய். அடுத்த வாரம், பிரேக்கை மிதிப்பதே தெரியவில்லை என்று கார் சாவியை என்னிடம் நீட்டினாய். அப்போது சிரிக்கவில்லை. இனி உன்னால் நடக்கவாவது முடியுமா என்று பயந்து, அன்றே உன்னை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

ரத்தத்தில் பி12 குறைவு. சைவம்தானே, மாத்திரை போதும் என்றார் டாக்டர். விழுங்கியும் மரமரப்பு ஏறிக்கொண்டே போனது. மறுபடி போனபோது உன் வயிற்றை அழுத்திப் பார்த்தவர், அப்பெண்டிக்ஸுக்கா இவ்வளவு நீளத் தழும்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னிடமும் நீ அப்படித்தான் சொல்லியிருந்தாய். ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுகிற நீ, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாய்: "அப்பெண்டிக்ஸ் இல்லங்க. காலேஜ் படிக்கறப்ப குடல்ல டிபி. சிறுகுடலோட கடைசிப் பகுதிய கட் பண்ணி எடுத்துட்டாங்க. தெரிஞ்சா கல்யாணம் ஆகாதுன்னு அம்மா சொல்லவே விடல."

டாக்டருக்கு நான்தான் சொன்னேன். மற்ற வைட்டமின்கள் பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுமாம். பி12 மட்டும், இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பகுதி வரை போகுமாம். உனக்கு அந்த இடமே இல்லை. கல்லீரலில் இருந்த சேமிப்பு இத்தனை காலம் ஓட்டியிருக்கிறது. இனி ஊசிதான் என்றார்.

திரும்பும்போது டோல்வே நெடுஞ்சாலையில் கேட்டாய்: "சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

"பொண்ணு பாக்க வந்தப்ப உன் குடலயா பாத்தேன்?"

நீ சிரித்த சிரிப்பில் நாம் இறங்க வேண்டிய எக்ஸிட்டை நான் தவறவிட்டேன்.

ஊசி போடக் கற்றுக்கொண்டேன். மாதாமாதம் ஒன்றாம் தேதி, தொடையில். "நர்ஸம்மா ரெடியா?" என்பாய். உணர்வு மெல்லத் திரும்பியது. சாவியையும் திரும்ப வாங்கிக்கொண்டாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு.

போன வாரம் எனக்கும் பி12 குறைவு என்று வந்தது. உங்களுக்கு மாத்திரை போதும் என்றார் அதே டாக்டர். தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு விழுங்குகிறேன். உனக்கு இல்லாத அந்த இடத்துக்கு அது போய்ச் சேரும்.

பெருங்காயம் தேடியதாக எழுதினேனே, அது உன் அப்பெண்டிக்ஸ் மாதிரிதான். இன்று ஒன்றாம் தேதி.