மொழிக் கட்டத்தில் நான் எழுதியவை

8 ஜனவரி 2007, திங்கள்

இன்று முதல் புதிய விதி. மருத்துவ நிலையத்திற்கு வரும் ஒவ்வொருவரிடமும் இனம், பூர்வீகம், மொழி மூன்றையும் வாய்திறந்து கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்து நாமே நிரப்பக்கூடாது. யாருக்குச் சிகிச்சை சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் தெரியும் என்கிறார் பதிவுப் பிரிவின் தலைவி டெனிஸ். பத்தொன்பது ஆண்டுகளாக எந்தக் கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை. யாரையும் கேட்டுச் சங்கடப்படுத்தியதும் இல்லை.

முப்பத்தொரு பேரைக் கேட்டேன். ஒரு கிழவர், “இனமா? மீன் பிடிக்கிற இனம்னு போட்டுக்கய்யா” என்றார். போடவில்லை.

10 ஜனவரி, புதன்

எங்கள் ஃபோகோ தீவிலிருந்து எனக்குப் பின் ஆங்கிலம் பேசும் இந்த நாட்டுக்கு வந்த வித்தாலினா அக்கா, இரத்த அழுத்தத்திற்காக வந்திருந்தார். மொழி என்ன என்றேன்.

“கிரியோலு.”

“அது வீட்டுப் பேச்சுக்கா. தாள்ல எழுதுறது போர்த்துகீசு.”

“எழுதுங்க குமாஸ்தா ஐயா. உங்க அப்பா ஆட்டைக்கூட போர்த்துகீசுலதான் மேய்ச்சாரு.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போர்த்துகீசு என்றே எழுதினேன். போர்த்துகீசியர் ஆண்ட எங்கள் தீவுகளில் பள்ளி, காவல் நிலையம், பத்திரம் எல்லாம் அதில்தான். பட்டியலில் கிரியோலு என்று டெனிஸ் தனியே ஒரு வரி சேர்த்திருப்பது தேவையற்றது.

6 பிப்ரவரி, செவ்வாய்

வித்தாலினா அக்கா மாதா கோயில் படியில் மயங்கி விழுந்துவிட்டார். (விழுந்தது 4ஆம் தேதி, எனக்குத் தெரிந்தது இன்று.) மணிக்கட்டு முறிவு, நெற்றியில் ஏழு தையல்.

7 பிப்ரவரி, புதன்

மருத்துவமனையில் பார்த்தேன். போன மாதம் மருத்துவர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். பழையதை நிறுத்தச் சொன்னதைத் தொலைபேசியில் ஒரு பிரேசில்காரப் பெண் போர்த்துகீசில் மொழிபெயர்த்திருக்கிறாள். அக்கா இரண்டையும் விழுங்கி வந்திருக்கிறார்.

“புரியலைன்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?”

“தாள்ல போர்த்துகீசுன்னு நீங்க எழுதிட்டீங்க. எனக்கு வராதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? தலையாட்டிட்டேன்.”

கிரியோலுன்னு அவங்க சொன்னாங்களே. என் காதுபடச் சொன்னாங்களே.

9 பிப்ரவரி, வெள்ளி

டெனிஸிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். “கிரியோலு பேசுற ஒருத்தரை வேலைக்கு வைக்கணும்னு கேட்டிருந்தேன், மிஸ்டர் பர்போஸா. அப்படிப் பேசுறவங்க உங்க பதிவேட்டுல ஒருத்தர்கூட இல்லையேன்னு மேலிடத்துல திருப்பி அனுப்பிட்டாங்க.”

ஒருவர்கூட இல்லை. தீவுக்காரர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன்: 212. அத்தனையிலும் போர்த்துகீசு. அத்தனையும் என் பதிவுகள். ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்க அனுமதி பெற்றேன்.

12 பிப்ரவரி, திங்கள்

நாற்பது பேரை அழைத்தேன். முப்பத்தெட்டுப் பேர் போர்த்துகீசு என்றே சொன்னார்கள். அப்படியானால் நான் எழுதியது சரிதானா? மகிழ்ச்சி வரவில்லை.

17 பிப்ரவரி, சனி

அக்காவை வீட்டில் பார்த்தேன். கையில் மாவுக்கட்டு. மருமகள் சோளமும் பயறும் சேர்ந்த கச்சுப்பா பரிமாறினாள். நாற்பது பேர் கணக்கைச் சொன்னேன்.

“எந்தப் பேச்சுல கேட்டீங்க?”

யோசித்தேன். போர்த்துகீசில்தான், அலுவலக அழைப்பு அல்லவா.

அக்கா சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்துவிட்டது. “அந்தப் பேச்சுல ஆபீஸ்காரர் கேட்டா எவன் இல்லைன்னு சொல்வான்? நம்ம பேச்சுல கேளுங்க. வாய் கோணிடாது.”

20 பிப்ரவரி, செவ்வாய்

(நேற்று அரசு விடுமுறை.) அதே நாற்பது பேர். முதல் அழைப்பில் பழக்கத்தில் போர்த்துகீசிலேயே தொடங்கிவிட்டேன். பிறகு கேட்டேன், வீட்டில் பேசுவதுபோல. முப்பத்துமூன்று பேர் பதிலை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர், “யோவ், நீங்க நம்மாளா! இத்தனை வருஷமா நான் உங்களை லிஸ்பன்காரர்னுல நெனைச்சேன்” என்று அரைமணி நேரம் பேசினார்.

அவர் நெஞ்சுவலிக்காக வருபவர். எந்த மாத்திரை எதற்கு என்று அவருக்கு இதுவரை தெரியாது.

12 மார்ச், திங்கள்

முடிந்தது. கிரியோலு 171. போர்த்துகீசு 24. ஆங்கிலம் 9. எட்டுப் பேர் கிடைக்கவில்லை. அவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள். அவ்விருவரின் கட்டத்தைத் திருத்த விதியில் இடமில்லை. அப்படியே இருக்கிறது, என் கையெழுத்துடன்.

டெனிஸ் மனுவை மறுபடி அனுப்பினார்.

19 ஜூன், செவ்வாய்

வித்தாலினா அக்காவுக்குக் காலை 10.15 மணிக்கு முறை. சென்ற வாரம் வேலைக்குச் சேர்ந்த எங்கள் தீவுப் பெண் இவானில்தா மொழிபெயர்க்க உடன் சென்றாள். பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டியது. அக்கா பதினோரு கேள்விகள் கேட்டாராம். சிலவற்றை இரண்டு முறை. மருத்துவரின் அட்டவணை நாற்பது நிமிடம் பிந்தியது.

காத்திருந்தவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கிரியோலுவில்.