ஷெட்டில் நின்றுபோன சாப்பாடு

திண்டிவனம்
18-3-1986

அன்புள்ள மகள் அம்சாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்கு வேலை காரணம் இல்லை, எழுத மனம் வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சமாளிக்கிறாள். ஓமந்தூரில் உன் பெரிய மாமா பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, பத்திரிகையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்கள், நான் போகவில்லை. போய்விட்டு வந்த அம்மா, பந்தியில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை என்றாள். கேட்டிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

ஷெட்டுப் பெண்களுக்கு மதியச் சாப்பாடு எப்படி நடக்கிறது, அஞ்சம்மாள் உடம்பு தேறியதா என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, அவருக்கு நம் வீட்டுச் சங்கதி முழுதும் தெரியாது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கும் ஷெட் உன் சித்தப்பா சக்கரபாணியுடையது. என்னை பி.ஏ. படிக்க வைத்ததையே என் பங்கு என்று சொல்லி உன் தாத்தா அதை அவன் பேருக்கு எழுதினார். எட்டாவதோடு நின்றவன் முதலாளி, பட்டம் வாங்கியவன் அவனிடம் கணக்கெழுதுகிறவன். இதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. மெஷின் உடைத்துத் தள்ளும் பருப்பில் தோலையும் சொத்தையையும் பொறுக்கிப் பிரிக்கப் பெண்கள் காலையில் வருவார்கள், பாதிப் பேர் வெறும் வயிற்றோடு. பொறுக்கும்போது நாலு பருப்பை வாயில் போட்டுக்கொள்வார்கள், அதுதான் அவர்களுக்குக் காலை ஆகாரம். வேறு சில ஷெட்டுகளில் சாயங்காலம் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, ஒவ்வொருத்தியாக வாய் கொப்புளித்துத் துப்பச் சொல்லி, துப்பியதில் பருப்புத் துணுக்கு தெரிகிறதா என்று பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். சக்கரபாணிக்கும் அந்த ஆசை வெகுநாளாக உண்டு. மனுஷர் செய்கிற காரியமா இது என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன்.

தை மாதம் அஞ்சம்மாள் பொறுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள். அதை நான் உனக்கு எழுதினேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு ரத்தம் இல்லை, எல்லோருக்குமே மதியம் ஒரு வேளை நல்ல ஆகாரம் போடுங்கள் என்று நீ எழுதினாய். சக்கரபாணி லேசில் இறங்கவில்லை. கடைசியில் அவனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன், வயிறு நிறைந்தால் பருப்பில் கை வைக்கமாட்டார்கள், லாபம் உனக்குத்தான் என்று. அந்த வார்த்தைக்கு ஒப்புக்கொண்டான். ஷெட்டுக்குப் பின்னால் கீற்றுச் சாய்ப்பு இறக்கி, முனியம்மாளைச் சமைக்க வைத்தோம். நீ சொன்னபடியே கேப்பைக் களி, முருங்கைக் கீரை, தட்டைப்பயறு, வெள்ளிக்கிழமை தவிர ஏதாவது ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு. முதல் வாரம் கேலிதான். ராஜாமணி என்கிறவள் வாயாடி, “இன்னா ஐயா, தெனம் தழையாவே போடுறீங்க, எங்கள ஆடுன்னு நெனச்சிக்கினீங்களா” என்றாள். முனியம்மாள் கரண்டியை ஓங்கிக்கொண்டு, “ஆடாவது துன்னுட்டு சும்மா கெடக்கும்டி” என்றாள். ஷெட்டில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. மதியத்துக்கு மேல் ஒருத்தியும் தலை சுற்றுகிறது என்று சுவரில் சாயவில்லை. அஞ்சம்மாள் மட்டும் தேறவில்லை. அவள் புருஷன் டி.பி. வந்து வீட்டில் கிடக்கிறான். தன் பங்கை அப்படியே தூக்குச் சட்டியில் எடுத்துப்போய் அவனுக்குக் கொடுத்துவிட்டு, இவள் பழையபடி பச்சைப் பருப்பை மென்றுகொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். கேட்டால் அவளுக்கு அவமானம் என்று கேட்கவில்லை.

மாசி பிறந்ததும் ஒரு சாயங்காலம் வாசலில் வாளி இருந்தது. பக்கத்தில் மேஸ்திரி துரைக்கண்ணு. நான் சக்கரபாணியிடம் சண்டைக்குப் போனேன். அவன் கொஞ்சமும் பதறாமல், “நீதானண்ணே சொன்ன, வயிறு ரொம்பினா பருப்ப தொடமாட்டாங்கன்னு. தொடாதவ கொப்புளிச்சிக் காட்டுறதுக்கு இன்னா? சோறும் போட்டு மல்லாட்டையும் குடுக்க நான் இன்னா சத்திரமா வச்சிருக்கேன்?” என்றான். என் வார்த்தையை எடுத்தே என் வாயை அடைத்தான். படித்தவன் பேச்சு அவனுக்கு வேண்டிய இடத்தில் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கே அஞ்சம்மாள் துப்பியதில் பருப்பு தெரிந்தது. மற்ற பெண்கள் பார்க்க, சக்கரபாணி அவளிடம் களி துன்னுட்டுத் திருடவும் செய்யறியா என்று கேட்டு, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டான். அவள் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மதியம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள், தட்டில் களி விழுந்தது, ஒரு கையும் அதில் படவில்லை. நான் போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். ராஜாமணிதான் சொன்னாள், “இத்த துன்றதாலதான எங்க வாயத் தொறந்து பாக்குறீங்க? எங்களுக்கு வேணாம் ஐயா, நாங்க பட்டினியாவே கெடக்குறோம், வாளிய எடுத்துடச் சொல்லுங்க.” முனியம்மாள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சக்கரபாணி வந்து பார்த்தான், கொழுப்பு என்றான். மறுநாளே சாய்ப்பைப் பிரித்துக் கீற்றை வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனான். சாப்பாடு நின்றது அம்சா. வாளி நிற்கவில்லை. இப்போது பெண்கள் காலையிலும் சாப்பிடாமல், மதியமும் சாப்பிடாமல், பருப்பையும் தொட முடியாமல் வேலை செய்கிறார்கள். நாம் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அந்த நாலு பருப்பாவது அவர்களுக்கு மிஞ்சியிருக்கும்.

அஞ்சம்மாள் போன வாரம் திரும்ப வந்தாள். மூட்டை குவிந்து கிடப்பதால் சேர்த்துக்கொண்டான், ஆனால் சாயங்காலம் வரிசையில் முதலில் அவள்தான் நிற்க வேண்டும் என்று நிபந்தனை. முந்தாநாள் துரைக்கண்ணு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டான். சக்கரபாணி என்னைக் கூப்பிட்டு, “சும்மாதான ஒக்காந்திருக்க, ஒரு நாளைக்கு நீ நின்னு பாரேண்ணே” என்றான். மாட்டேன் என்று வாயில் வரவில்லை. இத்தனை வருஷம் அவன் சோற்றைத் தின்ற பழக்கம், போய் நின்றேன். அஞ்சம்மாள் கொப்புளித்துத் துப்பினாள், வெறும் தண்ணீர். போம்மா என்றேன். அவள் போகவில்லை. “நல்லாப் பாத்துக்குங்க ஐயா, அப்புறம் இருந்துச்சின்னு சொல்லப்போறாரு” என்று என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றாள். நாக்கும் ஈறும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தன. காலையிலிருந்து அந்த வாய்க்குள் எதுவும் போகவில்லை. பின்னால் மற்றவர்கள் வாயைத் தயாராகத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் வாளியைக் காலால் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பெரிய காரியம் ஒன்றும் இல்லை, நான் தெருமுனை திரும்புவதற்குள் சக்கரபாணி வேறு வாளி வைக்கச் சொல்லிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அஞ்சம்மாளுக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று பெயர் எழுதி அனுப்பு, இங்கே வாங்கி உன் அம்மா கையால் கொடுக்கச் சொல்கிறேன். சித்தப்பாவுக்கு நீ ஒன்றும் எழுதாதே, எழுதினால் அதையும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வான். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்து வந்ததும் அப்படியே படுத்துவிடாதே, எதையாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும், எங்கள் ஆசி என்றும் உங்களோடு இருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இனிமேல் கடிதத்தை ஷெட் விலாசத்துக்குப் போடாதே, வீட்டுக்கே போடு. நான் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
அரங்கநாதன்