ஆயிரத்து எண்பது புள்ளிகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "இருக்கேன்" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் வலது கண் போய்விட்டது. இடது கண்ணிலும் நடுவில் ஒன்றும் தெரியவில்லை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம். அந்தப் பார்வையும் இன்னும் மூன்று மாதம் தாங்கலாம் என்கிறார் டாக்டர். வெளியே வந்ததும் அப்பா சொன்னது இதுதான்: பேத்தி படத்தைப் பெருசா போட்டுக் கொடும்மா, மூஞ்சியை ஒரு தடவை ஒழுங்கா பார்த்துக்கறேன்.

ஆறு வருடமாக ஸ்டுடியோவில் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் நான். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன்: கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேண்டும், சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க நூற்றைம்பது போதும். அப்பா தள்ளி நிற்பதில்லை. மூக்கில் இடிக்கிற மாதிரி படத்தைப் பிடித்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் தேடுகிறார்.

நீ அனுப்பிய உன் மகள் படத்தின் அகலம் ஆயிரத்து எண்பது புள்ளி. ஏறக்குறைய நாலு அங்குலம் தாங்கும். பன்னிரண்டுக்கு இழுத்தால் அங்குலத்துக்குத் தொண்ணூறுதான். போட்டுக் கொடுத்தேன். பேத்தியைக் கேட்டா கம்பளியை நீட்டறியே என்று சிரித்தார்.

கணினியில் புள்ளிக் கணக்குக் கேட்கும் கட்டத்தில் முந்நூறு என்று மாற்றி எழுதினால் படம் தெளிந்துவிடாது. தெரிந்தும் செய்து பார்த்தேன். எண் மாறியது. முகம் மாறவில்லை. பெரிதாக்கித் தரும் மென்பொருளில் போட்டேன். கண், புருவம் எல்லாம் பளிச்சென்று வந்தன. விழுந்த முன்பல் இருந்த இடத்தில் அதுவாகவே ஒரு புதுப்பல் வைத்திருந்தது. அச்செடுத்ததைக் கிழித்துவிட்டேன்.

ஒரிஜினல் அனுப்பு என்று மூன்று தடவை கேட்டேன். சுருங்காமல் அனுப்புவது எப்படி என்றும் சொல்லிக் கொடுத்தேன். மூன்று தடவையும் அதே படம். சோம்பேறி என்று அப்பாவிடம் உன்னைத் திட்டினேன். மன்னித்துக்கொள்.

நேற்று உன் பழைய படங்களை வரிசையாகத் திறந்தேன். போன கோடை வரை ஒவ்வொன்றும் மூவாயிரம், நாலாயிரம் புள்ளி. அதற்குப் பிறகு வந்தவை பதினொன்று. எல்லாம் ஆயிரத்து எண்பது.

அது கேமரா தருகிற அகலம் இல்லை அண்ணா. உன் போன் திரையின் அகலம். ஒரு படத்தில், நீ வெட்டியது போக, மணி காட்டும் பட்டை மேலே ஓர் இழை மிச்சம் நிற்கிறது.

அண்ணி இணையத்தில் எங்கோ போடுகிற படங்களைத் திரையில் பார்த்து, அப்படியே பிடித்து எங்களுக்கு அனுப்புகிறாய். ஒரிஜினல் உன்னிடம் இல்லை. நீ இப்போது எந்த வீட்டில் இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. நாலுக்கு ஆறில் ஒன்று போட்டுக் கொடுத்தேன். சின்னது, ஆனால் தெளிவு. ஜன்னலடியில் அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பிடித்தார். ஒரு காது கிடைத்தது. நம்ம வீட்டுக் காது என்றார். அப்புறம் வாய் ஓரம். சிரிக்கிறா போல என்றார். சட்டென்று என் பக்கம் திரும்பினார். படம் பிடிச்சது அவன்தானே? அவனைப் பார்த்துத்தானே சிரிக்கிறா?

ஆமாம்பா என்றேன்.

முழு முகம் வேண்டுமாம். தினம் கேட்கிறார். அண்ணியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒரிஜினலைக் கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் கேட்டுவிட்டால், எனக்குத் தெரியும் என்று உங்கள் இருவருக்கும் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் மூன்று மாதம் ஓடிவிடும். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேள், கேட்காதே, ஏதாவது ஒரு சொல் எழுது. விளக்கம் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. அப்பாவிடம் நான் சொன்னது பொய்யாகாமல், அவள் உன்னைப் பார்த்தே சிரிக்கும் நாள் சீக்கிரம் வரட்டும்.

உன் தங்கை