மன்னிப்புக் கடிதத்தின் பின்பக்கம்

ஏங்க,

கோர்ட்டுல குடுக்கச் சொல்லி என் பேர்ல நீங்க எழுதி வச்ச மன்னிப்புக் கடிதத்தைப் படிச்சேன். கையெழுத்து முத்து முத்தா இருக்கு, விஷயந்தான் பொய். அதோட பின்பக்கத்துலதான் இதை எழுதறேன்.

கோர்ட்டுக்குக் கிளம்பிட்டேன். அபராதத்தைப் பன்னிரண்டு மாசத் தவணையா கட்டறேன்னு மனு குடுக்கப் போறேன். மன்னிப்பு கேட்டா பாதியா குறைப்பாங்கன்னு வக்கீல் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. பிரசவ வலியில துடிச்ச பொண்ணை இறக்கிவிட ஆஸ்பத்திரி வாசல்ல என் டாக்ஸியை நிறுத்தினேன். உடனே எடுன்னு கத்தின போலீஸ்காரர்கிட்ட, "இவ உள்ள போகட்டும், அப்புறம் எடுக்கறேன்"னு சொன்னேன். இதுக்கு எதுக்குங்க மன்னிப்பு? பன்னிரண்டு மாசமும் கோர்ட்டுல பணம் கட்டற கவுன்ட்டர்ல நிமிர்ந்து நின்னு முழுசாவே கட்டறேன்.

பத்து மணிக்கு உங்க அண்ணன் பணத்தோட வருவார். டீ போட்டுக் குடுங்க, பணத்தை வாங்காதீங்க. "உன் பொண்டாட்டிக்கு வாய் நீளம்"னு சொன்னா ஆமான்னு சொல்லுங்க. நேத்து அவர் அப்படிச் சொன்னப்ப குனிஞ்ச மாதிரி தலையைக் குனியாதீங்க. அபராதத்தைவிட அதுதான் எனக்கு வலிச்சுது.

சோறு வடிச்சு வச்சிருக்கேன், முட்டை மட்டும் பொரிச்சுக்கோங்க. கோவத்துல பட்டினி கிடக்காதீங்க.

மனுவுல காரணம் கேட்டிருந்தாங்க. "கையில பணம் இல்லை. தப்பும் செய்யலை"ன்னு எழுதியிருக்கேன். வக்கீல் சொன்னாலும் அந்த ரெண்டாவது வரியை அடிக்க மாட்டேன்.

இடமில்லை, ஓரத்துல எழுதறேன். அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட கோர்ட்டுக்கு வர்றாளாம். பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிடுவாங்க. மனசு வந்தா, சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டு நீங்களும் வாங்க.