எட்டாம் நம்பருக்குப் பாட்டு இல்லை

தலைநகர்
ஜனவரி 19

அன்புள்ள மிட்சுயோ அக்காவுக்கு,

கோஹெய் எழுதுகிறேன். உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால், அதற்கே நன்றி. போன் செய்தால் எடுக்கமாட்டீர்கள். எட்டு வருடமாகச் செய்து பார்த்துவிட்டேன்.

செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். தலைநகர் பேஸ்பால் அணி என்னை விடுவித்துவிட்டது. முப்பத்தேழு வயது, வலது முழங்காலில் வீக்கம், போன வருடம் பாதி நாள் பெஞ்சில். யாரும் கூப்பிடவில்லை. நம் ஷியோமி நீர்க்காகங்கள் மட்டும் கூப்பிட்டார்கள். 'நம்' என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, கை பழக்கத்தில் எழுதிவிட்டது. பழைய எட்டாம் நம்பர் சட்டையையே தருகிறார்கள்.

பதினெட்டு வயதில் அணி விடுதிக்கு வந்த முதல் வாரம், உங்கள் கடையில் ஒரே மூச்சில் பதினோரு மீன் வடை தின்றேன். தெய்சோ மாமா எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, "இவ்ளோ திங்கறவன் நிச்சயம் பந்தை கடல்ல போடுவான்" என்றார். அந்த வருடமே நீங்கள் எனக்குப் பாட்டு எழுதினீர்கள், மாமா அதை ட்ரம்பெட்டில் ஊதினார். 'அடி கோஹெய், அலை தாண்டி அடி, கரையில் நாங்கள் நிற்கிறோம்.' பதினொரு வருடம் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பேட்டைத் தூக்கினேன். தலைநகரில் எனக்கு எழுதிய பாட்டு ஒன்றும் நினைவில் இல்லை.

நான் செய்தது தப்புதான். சாக்குச் சொல்ல இதை எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் முதல் ஆட்டத்தன்று நான் பேட் பிடிக்க வரும்போது அந்தப் பாட்டை ஊதுவீர்களா?

என்றும் உங்கள்
கோஹெய்

*

ஷியோமி
ஜனவரி 27

மதிப்பிற்குரிய நருமி கோஹெய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. ரசிகர் குழுவின் தலைவர் என்ற முறையில் வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது என் வழக்கம்.

முதலில் அணியின் நிலவரம். நீங்கள் போன நாளிலிருந்து ஆறு அணிகளில் ஆறாம் இடம். எட்டு வருடமும் அதே இடம். நீர்க்காகம் என்று பெயர் வைத்தவன் முன்யோசனைக்காரன். முங்குவதில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பந்து எறிய நல்ல பையன்கள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பேட் பிடிக்கத்தான் ஆளில்லை. அதனால்தான் முழங்கால் வீங்கினவரைக்கூடக் கூப்பிடுகிறார்கள்.

இப்போது பாட்டு. எங்கள் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு உண்டு. அதை யாருக்கு ஊதுவது, யாருக்கு ஊதக்கூடாது என்பதை வலதுபக்க ஸ்டாண்டுதான் முடிவு செய்யும். மானேஜர் தலையிட முடியாது, அணி முதலாளி தலையிட முடியாது.

நீங்கள் போன அந்த வருடம் அக்டோபரில் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அடுத்த வருஷமும் நான் இங்கதான். நீங்க எழுந்து வந்து ஊதணும்" என்று சொன்னீர்கள். அந்த மனிதர் நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், தரை துடைக்க வந்தவர் என்று எல்லோரிடமும் அதைச் சொல்லி மகிழ்ந்தார். சரியாகப் பதினான்காம் நாள் டி.வி.யில் தலைநகர் அணியின் தொப்பியோடு உட்கார்ந்திருந்தீர்கள். "இனிமேலாவது ஜெயிக்கிற எடத்துல ஆடணும்னு ஆசை." வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். சரிதானே?

அதற்குப் பிறகு அவர் பன்னிரண்டு நாள் இருந்தார். கடைசி மூச்சுவரை உன் பெயரைச் சொல்லிச் சபித்துக்கொண்டுதான் போனார். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருடைய ட்ரம்பெட்டை இப்போது நான்தான் ஊதுகிறேன். எட்டாம் நம்பருக்குப் பாட்டு இல்லை. எங்கள் மைதானத்தில் உங்களுக்காக ஒரு கைதட்டல்கூட எழாது. அதற்கு நான் பொறுப்பு.

உசுகி மிட்சுயோ
தலைவர், வலதுபக்க ஸ்டாண்ட் ரசிகர் குழு

*

ஷியோமி
ஏப்ரல் 14

மதிப்பிற்குரிய நருமி அவர்களுக்கு,

கேட்டதா?

ஏழாம் நம்பருக்கு நாலாயிரம் பேர் தொண்டை கிழியப் பாடினோம். அடுத்து உங்கள் பெயரை அறிவித்தார்கள். நான் ட்ரம்பெட்டை மடியில் வைத்தேன், முடிவெட்டும் வகுயி தன் முரசை இறக்கிவைத்தான், நாலாயிரம் பேரும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்துக்காரர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். பீர் விற்கிற பெண் கூச்சப்பட்டு, கத்துவதை நிறுத்திவிட்டாள். நீங்கள் செருப்படிபட்ட நாய் மாதிரி எங்கள் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தீர்கள்.

ஆறு ஆட்டம். இருபத்தொரு முறை பேட் பிடித்து மூன்று அடி. செய்தித்தாளிலிருந்து வெட்டி, கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறேன். வடையைத் திருப்பிப் போடும்போதெல்லாம் பார்த்து மனம் குளிர்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர்வரை நீங்கள் ஆட வேண்டும். சீக்கிரம் முடிந்துவிட்டால் எனக்குப் போதாது.

உசுகி மிட்சுயோ

*

ஷியோமி
ஆகஸ்ட் 9

கோஹெய்,

மரியாதை எழுத இன்றைக்கு எனக்குப் பொறுமையில்லை. என்னதான் செய்கிறாய்?

வெளியூரில் ஆடும்போது கூட வருகிற நம் ரசிகர்களின் பயணக் குழு உனக்குப் பொதுத் தாளமாவது தட்டுகிறது. அங்கே பத்து முறை போனால் இரண்டு அடிகூட இல்லை. இங்கே ஒருவரும் மூச்சுவிடுவதில்லை. இங்கே பத்துக்கு நான்கு! நேற்று உன் ஹோம் ரன் எங்கள் ஸ்டாண்டிலேயே வந்து விழுந்தது. என் காலடியில்! நாங்கள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அணி நான்காம் இடத்தில் இருக்கிறது. மூன்றாம் இடம் எட்டிவிடும் தூரம். முதல் மூன்று அணிகளுக்குத்தான் பின்சுற்று. நாங்கள் அதைப் பார்த்து எத்தனை வருடம் என்று உனக்கே தெரியும், கடைசியாக அங்கே போனபோது நீதான் ஆடினாய். தெய்சோவின் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன், மூன்றாம் இடம் வந்த அன்றைக்குச் செய்தித்தாளை அவர் முன் வைப்பதாக.

வகுயி கெஞ்சுகிறான். "அக்கா, போதும்க்கா. இப்ப அவன்தான நம்மள ஜெயிக்க வைக்கிறான்? ஒரே ஒரு தடவை ஊதிடலாமே."

"நீ போய் முடியை வெட்டு. பாட்டை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நீ தோற்க வேண்டும், அணி ஜெயிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கமாட்டேன் என்கிறது. உன்னால் எனக்கு வயிற்றெரிச்சல்கூட ஒழுங்காக வருவதில்லை.

மிட்சுயோ

*

ஷியோமி, அணி விடுதி
செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்ட் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 'நீ' என்று திட்டியிருந்தீர்கள். நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் எனக்கு நஷ்டம், அதனால்தான். இப்போது எழுதுகிறேன்.

கேட்சர் எனக்குப் பின்னால் குந்தியிருப்பார். பந்து எறிபவன் கையைத் தூக்குகிற நேரத்தில், பந்து எந்தப் பக்கம் வரப்போகிறதோ அந்தப் பக்கம் மெல்ல நகர்வார். மண்ணில் காலணி உரசும். திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை, ஆனால் காதை மூட முடியாதல்லவா? மற்ற மைதானங்களில் முரசுச் சத்தத்தில் அது கேட்காது. ஷியோமியில், நீங்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டால், அடுத்த வீட்டில் நடக்கிற மாதிரி தெளிவாகக் கேட்கிறது. உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பந்து கிளம்புமுன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. மே மாதம்தான் கண்டுபிடித்தேன். என் கண்ணும் முழங்காலும் போய்விட்டன அக்கா. நான் இந்த வருடம் அடித்ததெல்லாம் நீங்கள் கொடுத்த மௌனத்தால் அடித்தது.

அக்டோபர் மூன்றாம் தேதி கடைசி ஆட்டம், நம் ஊரிலேயே, கிதாஹாமா ஓநாய்களோடு. ஜெயித்தால் மூன்றாம் இடம். அதுவரை இதை மறைத்திருக்கலாம். ஆனால் ஒரு முறை ஒன்றை மறைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்து மாமாவிடம் வாக்குக் கொடுத்தேனே, அதற்கு முந்தைய நாளே தலைநகர் அணிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு முறை உங்கள் வீட்டில் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

ஊதுவதும் ஊதாததும் உங்கள் இஷ்டம்.

கோஹெய்

*

ஷியோமி, அணி விடுதி
அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஓய்வு பெறுவதாக இன்று காலை அறிவித்துவிட்டேன். உங்களுக்கு முதலில் எழுத நினைத்தேன், நிருபர்கள் முந்திக்கொண்டார்கள்.

கடைசி ஒன்பதாம் இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், ஒரு ரன் பின்னால், இரண்டு பேர் பேஸில்; நான் அடித்தால் ஜெயிப்போம், அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. என் பெயரை அறிவித்ததும், நீங்கள் உட்காருவீர்கள் என்று மண்ணைக் காலால் தட்டிக்கொண்டு காத்திருந்தேன். ட்ரம்பெட் எழுந்தது. அதற்கு மேல் கேட்சர் காலாவது, என் மூச்சாவது, எதுவும் கேட்கவில்லை. நாலாயிரம் பேர் அழுதுகொண்டே பாடினார்கள். 'கரையில் நாங்கள் நிற்கிறோம்.' நீங்கள் என்னை மன்னித்துவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள். எதற்கு ஊதினீர்கள் என்று மைதானத்தில் நம் இருவருக்குத்தான் தெரியும்.

ஒன்பது பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டேன். அப்படித் தட்டினால் ரன் வராது, அவுட்டும் ஆகாது, பாட்டும் நிற்காது. முதல் மூன்று தானாகப் போனவை. மற்ற ஆறும் வேண்டுமென்றே. மானேஜரிடம் சொல்லிவிடாதீர்கள். பத்தாவது வெளிப்பக்கமாக வளைந்து போனது. சும்மா காற்றில்தான் பேட்டை வீசினேன், தோற்றோம்.

எனக்குக் கோபமில்லை. ஒன்று மட்டும் கேட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகிறேன். மாமா என்னை என்ன சொல்லிச் சபித்தார்? வார்த்தை மாறாமல் எழுதுங்கள். டி.வி.யில் நான் சொன்னதை அப்படித்தானே எழுதினீர்கள்.

கோஹெய்

*

ஷியோமி
அக்டோபர் 11

கோஹெய்,

நான்காம் இடம். பெரிய முன்னேற்றம் என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறார்கள். தெய்சோவின் படத்துக்கு முன்னால் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உன் செப்டம்பர் கடிதத்தை ஒன்பது நாள் கடை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். அன்றைக்கு வகுயி, "அக்கா, உட்காரலாமா?" என்று கேட்டான். "எட்டாம் நம்பர் பாட்டு" என்றேன். முரசைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான் மடையன். மூன்றாம் இடம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்துதான் ஊதினேன். உன் முகம் ஒரு முறை வெளிறுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஊதினேன். பார்த்தேன். நாலாவது பந்திலேயே நீ என்ன செய்கிறாய் என்பதும் புரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் சத்தம் அடங்கும், உனக்குக் காது கேட்கும், அடித்திருப்பாய். நான் நிறுத்தவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். அவர் உன்னைச் சபிக்கவில்லை. அது நான் கட்டிய பொய். டி.வி.யில் உன்னைப் பார்த்ததும் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். முழுக்கக் கேட்டார். நான் அணைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னது இது, வார்த்தை மாறாமல்:

"ஜெயிச்சுப் பாத்துட்டு வரட்டும்டி. வருவான். வந்தா மொத நாளே ஊது. அவுட் ஆனாலும் ஊது. நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்துடாத."

உட்கார்ந்தேன். ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை நாலாயிரம் பேரையும் உட்கார வைத்தேன். அவர் பெயரைச் சொல்லி அவர் கேட்டதை மறுத்தேன். கடைசியில் ஊதினேன், அதுவும் அவர் சொன்னதற்காக இல்லை. எட்டு வருடம் உன்மேல் வைத்திருந்த வஞ்சத்தில் அவருடைய அணியை அடித்திருக்கிறேன்.

நீ எனக்கு ஆறுதல் எழுதுவாய். எழுதாதே. கடைக்கும் வராதே. வந்தால் வடை போட்டுக் கொடுத்துவிடுவேன், அது இப்போது எனக்கு வேண்டாம். ட்ரம்பெட்டை வகுயியிடம் கொடுத்துவிட்டேன். உன் பாட்டை இனி யாருக்கும் மாற்றிக் கொடுக்கக்கூடாது என்று குழுவில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்பது பந்துக்கு ஊதியதில் உதடு கிழிந்தது. இன்னும் ஆறவில்லை.

மிட்சுயோ