சாயம் பூசிய சுழல்

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், ஆற்றில் தண்ணீர் போகிறது, அங்கே குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ ஆராயும் விண்மீன் கூட்டத்தின் படம் அனுப்பினாயே, வட வானத்தில் எங்கோ, நடுவில் உலக்கை மாதிரி ஒளி, இரு முனையிலும் வளைந்து போகும் கைகள். அப்பா அதை உன் செந்தூர்பாண்டி மாமாவுக்கு அனுப்பினார். நம் சாதிச் சங்கத்துக்கு இப்போது அவர்தான் செயலாளர். கோயில் கொடைத் திருவிழாவுக்காகப் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ். உன் முகம். உன் பெயருக்குப் பின்னால் நீ ஒருநாளும் போடாத சாதிப் பெயர். பக்கத்தில் அந்தச் சுழல், ஒரு கை ஒரு நிறம், மறு கை மறு நிறம். சங்கக் கொடியின் நிறங்கள். அந்த ஒளி புறப்பட்டபோது பூமியில் மனிதனே இல்லை என்று சொன்னாயே, அதற்கும் சாயம் பூசிவிட்டார்கள். கேட்டால், நம்ம பிள்ள பாக்குதது நம்மளுதுதானளா என்று மாமா பல்லைக் காட்டினார்.

கையில் அதே நிறக் கயிறு கட்டிய பையன்கள்தான் போன வருடம் அதே பஸ் ஸ்டாப்பில் முத்துராணியின் தம்பியை வெட்டினார்கள். உன்னோடு பள்ளிக்கூடம் போன முத்துராணி. தினமும் உன் முகத்துக்குக் கீழே நின்றுதான் பாளையங்கோட்டை பஸ் ஏறினாள். என்னைப் பார்த்ததும், செல்விக்குத் தெரிஞ்சுதான் வச்சிருக்காவளாம்மா என்று பையக் கேட்டாள். அவளுக்குத் தெரியாது என்றேன். தலையாட்டினாள். நம்பினாளா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்துப் போய் ஃபிளெக்ஸ் கட்டியிருந்த கயிற்றை அறுத்தேன். பட்டப்பகலில். டீக்கடையில் அத்தனை பேரும் பார்த்தார்கள். மாமா ஓடிவந்து, ஏளா கிறுக்கு பிடிச்சிட்டா, கொடை மேடையில அவளுக்குக் கேடயம் குடுக்கப் போறோம், நீ அரிவாளத் தூக்கிட்டு நிக்க என்று கத்தினார். கேடயத்த வெட்டு வாங்குன பயலுக்குக் குடுங்கண்ணே என்றேன். மறுநாள் நாம் கட்டிய கொடை வரிப் பணத்தைத் திருப்பி வாசலில் போட்டார்கள், நம்மைத் தள்ளிவைத்தாயிற்று. இனி யாரும் நம்மோடு பேச மாட்டார்கள். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை அவரே, நான் சுருட்டிக் கொண்டுவந்த அந்த ஃபிளெக்ஸை ஆட்டுக் கொட்டகை மேல் கட்டினார், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி. ஒழுகல் நின்றது.

லீவுக்கு வா, கொடைக்கு வராதே. அதற்கு முன்னால் முத்துராணிக்கு நீயே எழுது. நான் சொன்னது பெற்றவள் சொன்னது, அவளுக்கு அது போதாது. நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். இசக்கியம்மன் உன்னைக் காப்பாள், அவள் வரி கேட்டதில்லை.

உன் அம்மா,
பாக்கியவதி.

முத்துராணியின் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.